கூட்டிச் சொன்ன அரை அடி

மழை கொட்டிக்கொண்டிருக்கும்வரை எல்லாருக்கும் அணை ஞாபகம் இருக்கும். பார்க்கிறவனெல்லாம் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று கேட்பான். வெயில் லேசாக எட்டிப் பார்த்துவிட்டால் போதும், குடையை மடித்து மூலையில் வைக்கிற மாதிரி எங்களையும் மடித்து வைத்துவிடுவார்கள். தண்ணீர் வருவதே அதற்கப்புறம்தான் என்று எத்தனை தடவை சொன்னாலும் ஒருவன் மண்டையிலும் ஏறாது. மேட்டுக்காட்டில் பெய்தது ஓடை ஓடையாக இறங்கி எங்களிடம் வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும். மழை நின்ற மறுநாள்தான் எங்களுக்குத் தலைவலி.

நான் ஷட்டர்களுக்குக் கிரீஸ் போடுகிறவன். ஐந்து ஷட்டர், அதன் பல்சக்கரங்கள், சங்கிலிகள், மோட்டார்கள், கரண்ட் போனால் கையால் சுற்றுகிற பிடிகள், எல்லாவற்றுக்கும் நான்தான். பதினோரு வருஷமாக நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. ஷட்டரை ஏற்றி இறக்குகிறவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கூடப்பிறந்தவர் இல்லை. பக்கத்துக் குவார்ட்டர்ஸ், நடுவில் ஒற்றைச் சுவர். அவர் வீட்டில் டம்ளர் விழுந்தால் என் வீட்டில் என்ன உடைந்தது என்று கேட்பார்கள்.

இந்தக் கதை புரிய வேண்டுமென்றால் அண்ணனின் அரை அடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அணையின் உட்சுவரில் அடிக்கணக்குப் போட்டு எண் எழுதியிருக்கும். அணை நிறைந்தால் நாற்பத்தெட்டு அடி. நாற்பத்தாறைத் தொட்டதும் திறக்க வேண்டும் என்பது விதி. ஆனால் திறக்கிறவர் தானாகத் திறக்க முடியாது. அவர் அளவைப் பார்த்து ஆபீசுக்குப் போன் செய்ய வேண்டும். ஆபீசில் இன்ஜினியர் அதை எழுதிக்கொண்டு மேலே கேட்க வேண்டும். மேலே இருப்பவர் மீட்டிங்கிலும் சாப்பாட்டிலும் இல்லாத நேரமாகப் பார்த்து உத்தரவு போட வேண்டும். சுற்றி முடிக்க மூன்று மணி நேரமும் ஆகும், ஆறு மணி நேரமும் ஆகும். தண்ணீருக்கு இதெல்லாம் தெரியுமா? அது பாட்டுக்கு ஏறும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை உத்தரவு வந்தபாடில்லை, தண்ணீர் விளிம்புக்கு வந்துவிட்டது, அண்ணன் தானாகத் திறந்துவிட்டார். கரை பிழைத்தது. பாழாய்ப்போன அந்த வருஷம் அதற்கப்புறம் ஒரு சொட்டு விழவில்லை. கோடையில் அணை வறண்டதும் திறந்துவிட்டவன் எவன் என்று தேடினார்கள். ஆறு மாதம் சஸ்பெண்டு. வேலைக்குப் போகாத மனுஷன் வீட்டுக்குள் நடந்து நடந்து தேய்ந்ததை நான் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். திரும்ப வேலைக்கு வந்தவர் அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். சுவரில் என்ன இருக்கிறதோ அதோடு அரை அடி கூட்டிச் சொல்வார். நாற்பத்தைந்தரை நின்றால் நாற்பத்தாறு என்பார். உத்தரவு ஆடி அசைந்து வருவதற்கும் தண்ணீர் நிஜமாகவே நாற்பத்தாறைத் தொடுவதற்கும் சரியாக இருக்கும். கொஞ்சமாகத் திறந்தால் போதும். ஆற்றில் கணுக்கால் அளவு தண்ணீர் போகும், யாருக்கும் சேதமில்லை. ஏழு வருஷமாக அந்தப் பொய்யில்தான் ஆற்றங்கரை பிழைத்தது. இது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இந்தத் தடவை பெய்தது கோடை மழை. யாரும் எதிர்பார்க்கவில்லை. ஐந்து நாள் விடாமல் ஊற்றிவிட்டு ஆறாம் நாள் காலையில் ஒன்றுமே தெரியாத மாதிரி வானம் வெளுத்துக் கிடந்தது. விடிந்ததும் அண்ணன் வீட்டு வாசலில் மொபெட் வந்து நின்றது. வந்தவன் அண்ணியின் தம்பி, அண்ணனுக்கு மச்சினன். வயிற்றில் பத்து மாதம் இருக்கப் பொறுக்காமல் எட்டாம் மாதமே வெளியே வந்தவன் என்று அண்ணி அவனைக் கேலி செய்வார். அம்மா இல்லாத பிள்ளையை இடுப்பில் சுமந்து வளர்த்தவர் அவர்தான்.

அணைக்குக் கீழே ஆறு வளைகிற இடத்தில் அவன் தர்பூசணி போட்டிருந்தான். மற்றவர்கள் மேட்டு மணலில் போடுவார்கள். இவன் மட்டும் ஆற்றின் அடிமடியில், ஈரம் வற்றாத பள்ளத்தில் போட்டான். கேட்டவர்களிடமெல்லாம் சொன்ன பதில், எங்க மாமா கையில் சாவி இருக்கு, தண்ணி வர்றது எனக்கு முதல் நாளே தெரியும். அண்ணனும் அதைக் கேட்டுப் பூரித்துப் போவாரே தவிர, வேண்டாமடா என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. பில் போடும் வேலையை விட்டுவிட்டு வந்து அவன் செய்த முதல் வெள்ளாமை. ஒவ்வொரு காயும் நல்ல திரட்சி. கொடியைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டான், மழைக்கு முந்தின வாரம் எனக்கும் ஒன்று கொண்டுவந்து கொடுத்தான், அப்படி ஒரு சிவப்பு.

அன்று காலையில் நான் கைப்பிடிகளைத் துடைக்கப் பழைய துணி கேட்டு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மச்சினன் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு பேசினான். மழைத் தண்ணீர் குடித்த காய் இரண்டு நாளில் வெடித்துவிடும், இன்றைக்கே அறுத்தாக வேண்டும். லாரிக்காரன் ஈரத்தைப் பார்த்துப் பயந்து பதினொரு மணிக்குத்தான் வருவேன் என்கிறான். அறுத்துக் கரையேற்ற நாலு மணியாவது ஆகும். இதுதான் அவன் சொன்னதன் சாரம். பிறகு நேராகவே கேட்டுவிட்டான்.

"மாமா, எப்போ தொறப்பீங்க?"

"காலைல போன் பண்ணா மத்தியானம் உத்தரவு வந்துடும். பன்னெண்டு, ஒண்ணு."

"ஒரு நாலு மணி வரைக்கும் தள்ள முடியாதா?"

"நான் என்ன மாப்ள பண்றது. தொறக்கச் சொல்றவன் வேற ஆளு. நான் சுவத்துல இருக்கறதப் பாத்துச் சொல்றவன், அவ்வளவுதான்."

 அண்ணி அடுப்பில் இருந்த பாத்திரத்தை இறக்கி வைத்தார், கொஞ்சம் சத்தமாக. அண்ணனுக்கு அந்தச் சத்தம் போதும். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவர் வாசலில் நின்று, சாயங்காலம் வரைக்கும் பயமில்லை, அப்படியே வந்தாலும் கணுக்கால் தண்ணிதான், நீ ஆகிற வேலையைப் பார் என்று அவனிடம் சொன்னார். அவன் டீயை ஒரே மடக்கில் ஊற்றிக்கொண்டு ஓடினான்.

அளவு பார்க்க அறுபது படி இறங்க வேண்டும். ஐந்து நாள் மழையில் படியெல்லாம் பாசி. நான் பின்னாலேயே இறங்கினேன், வழுக்கினால் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். தண்ணீர் செம்மண் நிறத்தில் சுவரை நக்கிக்கொண்டிருந்தது. நாற்பத்தைந்தரை. அண்ணன் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்து பார்த்தார். அவர் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

"ஏன் தம்பி, இன்னிக்கு ஒரு நாள் உள்ளத உள்ளபடி சொன்னா என்ன?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மை சொல்வதற்கு ஒரு மனுஷன் இப்படித் திருட்டு முழி முழித்து நான் பார்த்ததில்லை. அவர் கணக்கு இதுதான். இப்போது நாற்பத்தைந்தரை என்று சொன்னால் உத்தரவுக்கு வேலையில்லை. மதியம் நிஜமாகவே நாற்பத்தாறு தொடும், அப்போது சொன்னால் மூன்று, நாலு மணிக்கு உத்தரவு வரும். தண்ணீர் நாற்பத்தாறரைக்குள்தான் இருக்கும், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. மச்சினனுக்கு வேண்டிய நேரமும் கிடைத்துவிடும். சட்டத்துக்கும் விரோதமில்லை. இருக்கிறதைத்தானே சொல்கிறோம்?

நானும் மண்டையை ஆட்டினேன். இன்றைக்கு யோசித்தால் அந்த மண்டையில் நாலு போடலாம் போல இருக்கிறது. அன்றைக்கு எனக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது.

ஆறரை மணிக்கு அண்ணன் போனில் நாற்பத்தைந்தரை என்றார். இன்ஜினியர் சரி என்று வைத்துவிட்டார். அவர் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, அதற்குள் ஷட்டர் திறக்கிற வேலையே வரவில்லை. சின்ன வயசு, முகத்தில் எப்போதும் ஒரு தூக்கக்கலக்கம். ஆபீஸ் இங்கிருந்து பதினைந்து மைல். எங்கள் அணையை அவர் வந்து பார்த்தது வேலையில் சேர்ந்த அன்றைக்கு மட்டும்.

பதினொன்றரை வரை நான் மூன்றாவது ஷட்டரின் சங்கிலிக்குக் கிரீஸ் போட்டேன். மழையில் கழுவிப் போயிருந்தது. அணை மேலிருந்து பார்த்தால் ஆற்று வளைவு தெரியும். ஆட்கள் எறும்பு போல ஊர்ந்துகொண்டிருந்தார்கள். லாரி வரவில்லை. வெயில் முதுகைப் பொசுக்கியது. ஐந்து நாள் எங்கே போயிருந்தாய் என்று சூரியனைத் திட்டினேன்.

பன்னிரண்டு மணிக்கு நாற்பத்தாறு. சொல்லி வைத்த மாதிரி. அண்ணன் திருப்தியாகப் படியேறி வந்து போனை எடுத்தார். நான் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். நாற்பத்தாறு ஆகிவிட்டது சார், உத்தரவுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அண்ணன் நெற்றி சுருங்கியது. நாற்பத்தாறு சார், விதிப்படி திறக்கணும் சார் என்று மறுபடி சொன்னார். பிறகு ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனை வைத்தார்.

கோடைத் தண்ணீர், குடிக்கவே வேண்டியிருக்கும், வீணாக்க முடியாது, இன்னும் இடம் இருக்கிறது, மூன்று மணிக்கு மறுபடி சொல்லுங்கள். இதுதான் பதில். இடம் எங்கே இருக்கிறது? நாற்பத்தாறு என்றால் நாற்பத்தாறு. அண்ணன் சுவரில் தொங்கிய விதித்தாளைப் போய்ப் படித்துவிட்டு வந்தார், எண் ஏதும் மாறிவிட்டதோ என்று.

பழையபடி அரை அடியைச் சேர்த்து மறுபடி போன் செய்யுங்கள் என்றேன். அஞ்சு நிமிஷத்தில் அரை அடி ஏறிவிட்டது என்றால் யார் நம்புவார்கள் என்றார். அதுவும் சரிதான். அப்படியானால் நாமே இரண்டாவது ஷட்டரை ஒரு விரக்கடை தூக்கிவிடலாம் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். "மறுபடி ஆறு மாசம் என்னால வீட்ல உக்கார முடியாதுப்பா" என்றார். 

ஒரு மணிக்கு அண்ணி தூக்குவாளியில் சோறு கொண்டுவந்து எங்களுக்கு வைத்துவிட்டு இன்னொரு வாளியோடு ஆற்றுக்கு நடந்தார். லாரி அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. மணலில் இறக்க மாட்டேன் என்று டிரைவர் கரைமேலேயே நிறுத்திவிட்டானாம். பழத்தையெல்லாம் தலைச்சுமையாக மேடேற்ற வேண்டும். தம்பி, தம்பி பெண்டாட்டி, கூலிக்கு இரண்டு பேர், அவ்வளவுதான் ஆட்கள். சோறு கொடுத்துவிட்டு நானும் இரண்டு நடை தூக்கிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். தன் போனை எங்கள் மேசைமேலேயே வைத்துவிட்டுப் போனார். எடுத்துப் போயிருந்தாலும் அந்தப் பக்கம் மூன்று நாளாகக் கரண்ட் இல்லை, டவரும் செத்துத்தான் கிடந்தது.

ஒன்றரைக்கு அண்ணன் இன்ஜினியருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. ஒன்றே முக்காலுக்கு மறுபடி. சாப்பிடப் போயிருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். இரண்டு மணிக்கு, வந்துவிட்டார் ஆனால் மேலே ஃபைல் கொண்டுபோயிருக்கிறார் என்றார்கள். என்ன ஃபைல் என்று கேட்டால், அது வேற ஃபைல் என்றார்கள். எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த கிரீஸ் டப்பாவைச் சுவரில் அடித்தேன். பிறகு நானேதான் அதைத் துடைத்தேன்.

இரண்டே கால் இருக்கும். தண்ணீரின் நிறம் மாறியது. செம்மண் போய்க் கறுப்பாக, நுரையும் சருகுமாக ஒரு தண்ணீர் வந்து மோதியது. வேரோடு ஒரு மரம் மிதந்து வந்தது. ஆற்றில் எங்களுக்கு மேலே இருக்கிற மேல் அணையைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். எங்களுக்கு ஒரு தகவல் கிடையாது. அண்ணன் படிகளில் ஓடியே இறங்கினார். காலையில் நாங்கள் நின்று அளவு பார்த்த படி தண்ணீருக்குள் போயிருந்தது. மூன்றாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது நாற்பத்தேழரை.

போனை எடுத்தவர் "நாப்பத்தெட்டு சார்" என்றார். பயத்தில் பழைய வாய் தானாக வந்துவிட்டது. இந்தத் தடவை உத்தரவு நாலே நிமிஷத்தில் வந்தது. ஐந்து ஷட்டரும் மூன்று அடி. நாற்பத்தாறில் திறந்திருந்தால் ஒரு ஷட்டர், அரை அடி போதும். இப்போது ஐந்தும் மூன்று அடி.

அண்ணன் போனை வைத்துவிட்டு ஆற்று வளைவைப் பார்த்தார். அங்கே பச்சைப் பச்சையாக ஒரு குவியல் தெரிந்தது. அதைச் சுற்றி ஆட்கள்.

"அவ கீழ இருக்கா" என்றார்.

நான் அதற்குள் அவர் மொபெட் சாவியை எடுத்துவிட்டேன்.

"வளைவுக்குத் தண்ணி போக அரை மணி. நான் ஒரு பத்து நிமிஷம் தாமசம் பண்ணித் தரேன். அதுக்கு மேல கரை தாங்காது. போ."

நான் கரைச் சாலையில் போய்க்கொண்டிருக்கும்போதே சைரன் ஊதியது. ஊதட்டும், எப்படியும் ஓடிவிடுவார்கள் என்று நினைத்தேன். வளைவுக்குப் போய்ப் பார்த்தால் ஒருவரும் ஓடவில்லை. சைரனைக் கேட்டுவிட்டுச் சாவகாசமாகக் காய் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். லாரியில் மூன்றில் ஒரு பங்குகூட ஏறியிருக்கவில்லை. மிச்சமெல்லாம் ஆற்றின் நடுவில், பள்ளத்தில், ஆள் உயரத்துக்குக் குவித்து வைத்திருந்தான். நான் மேட்டிலிருந்து கத்தினேன். மச்சினன் கையை ஆட்டினான்.

"தெரியும்ணே. கணுக்கால் தண்ணிதானே. மாமா சொல்லிட்டார்."

ஐந்தும் மூன்று அடி என்று கத்தினேன். அவனுக்கு அது ஏறவில்லை. அண்ணிக்கு ஏறிவிட்டது. ஷட்டர்காரர் பெண்டாட்டி, மூன்று அடி என்றால் என்ன என்று தெரியும். தலையில் இருந்த பழத்தைப் போட்டுவிட்டுத் தம்பி பெண்டாட்டியை மேட்டைப் பார்த்துத் தள்ளினார். கூலிக்காரர்கள் இருவரும் எங்களுக்கு முன்னால் மேலே இருந்தார்கள். மச்சினன் மட்டும் குவியலை விட்டு வர மாட்டேன் என்றான். இன்னும் நாலு நடை, நாலே நடை என்றான். நான் இறங்கிப் போய் ஒரு கையைப் பிடித்தேன். அண்ணி மறுகையைப் பிடிக்கவில்லை, பொடனியிலேயே ஓங்கி ஒன்று வைத்தார். சின்ன வயசில் அப்படித்தான் அடிப்பாராம். அவன் அழுதுகொண்டே மேடேறினான், கையில் ஒரு பழத்தோடு.

தண்ணீர் சத்தத்தோடு வரவில்லை. முதலில் பள்ளத்தில் ஒரு மினுமினுப்பு. பிறகு கொடிகள் அசைந்தன. பிறகு குவியலின் அடியில் இருந்த காய்கள் நகர, மேலே இருந்தவை சரிந்து, ஒன்று, பத்து, நூறு என்று மிதக்க ஆரம்பித்தன. தர்பூசணி தண்ணீரில் மூழ்காது. அத்தனையும் பச்சை முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாகப் போயின. ஆறு முழுக்க அவன் வெள்ளாமை. கீழே பாலத்தில் ஆட்கள் பழம் பிடிக்க வேலிக்கம்போடு இறங்கிவிட்டார்கள் என்று லாரி டிரைவர் சொன்னான். இந்தக் கால் லோடுக்கு நான் எப்படி அவ்வளவு தூரம் போவது என்றும் கேட்டான். அவனை அடிக்காமல் விட்டதற்கு எனக்கு யாராவது மாலை போட வேண்டும்.

 மச்சினன் கையில் இருந்த பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் வைத்துக்கொண்டே நின்றான். கடைசியில் அவன் பெண்டாட்டி வாங்கி லாரியில் வைத்தாள்.

ஐந்து மணிக்கு நாங்கள் அணைக்குத் திரும்பியபோது ஜீப் நின்றது. இன்ஜினியர் வந்திருந்தார். ஷட்டர் ரூமில் இருந்த ஒரே நாற்காலியை அண்ணன் அவருக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். ஐந்து ஷட்டரும் இரைகிற இரைச்சலில் தரை அதிர்ந்தது. மச்சினன் ரூமுக்கு வரவில்லை, ஜீப்புக்குப் பக்கத்தில் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டான். அண்ணியும் நானும் வாசலில் நின்றோம். அண்ணிக்கு இடுப்பு வரை சேறு.

இன்ஜினியர் முகம் வெளிறிக் கிடந்தது. மேலே கேட்கிறார்களாம். மதியம் பன்னிரண்டுக்கு நாற்பத்தைந்தரை, மூன்று மணிக்கு நாற்பத்தேழரை. மேல் அணைத் தண்ணீர் வந்தாலும் மூன்று மணி நேரத்தில் இரண்டு அடி எப்படி ஏறும்? எழுத்தில் பதில் வேண்டுமாம். அண்ணன் புரியாமல் பார்த்தார். மதியம் நான் நாற்பத்தாறு என்றுதானே சொன்னேன் என்றார். இன்ஜினியர் பேனாவை மூடி வைத்தார்.

"நீங்க நாப்பத்தாறுன்னு சொன்னீங்க. நான் நாப்பத்தஞ்சரைன்னு எழுதினேன். எனக்கு முன்னாடி இருந்தவர் பொறுப்பு ஒப்படைக்கும்போதே சொன்னார். இந்த ஆள் எப்பவும் அரை அடி கூட்டித்தான் சொல்வார், நான் கண்டுக்காம விட்டுட்டேன், நீ கழிச்சு எழுதிக்கோன்னு."

அண்ணன் ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"இன்னிக்கு நான் கூட்டல சார். உள்ளதத்தான் சொன்னேன்."

"ஏழு வருஷம் கூட்டிச் சொன்ன ஆளு இன்னிக்கு உள்ளதச் சொல்வீங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

 அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை, அதுதான் எரிச்சல். எவனையாவது சட்டையைப் பிடித்து உலுக்கலாம் என்றால் பிடிக்க ஒரு சட்டை அகப்படவில்லை. அண்ணன் மேசை இழுப்பறையைத் திறந்து தன் நோட்டை எடுத்தார். அதில் இன்றைய தேதிக்குச் சரியான அளவு இருந்தது. இன்ஜினியர் அதை வாங்கவில்லை. இதைக் காட்டினால் ஏழு வருஷத்து நோட்டையும் கேட்பார்கள், அதில் இருக்கிற ஒரு எண்கூட நிற்காது என்று மெதுவாகச் சொன்னார். அண்ணன் நோட்டை மறுபடி உள்ளே வைத்தார்.

அண்ணி அப்போதுதான் வாயைத் திறந்தார். சத்தம் போடவில்லை. "ஏழு வருஷம் சொன்ன பொய்ய இன்னிக்கும் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல" என்றார். சொல்லிவிட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்து காலில் ஒட்டிய சேற்றை விரலால் வழித்தார்.

அப்புறம் நடந்ததை என்னால் தடுத்திருக்க முடியும். தடுக்கவில்லை. மச்சினன் எழுந்து வந்தான். அவன் உள்ளே பேசியது எதையும் கேட்டிருக்கவில்லை. மாமா நிற்கிறார், ஆபீசர் உட்கார்ந்து எழுதுகிறார், அவ்வளவுதான் அவன் கண்ணுக்குத் தெரிந்தது. மாமாவை மாட்டிவிடப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டான். அவனுக்கு எல்லாமே அவசரம்தானே.

"சார், மாமா மேல தப்பில்ல. நான்தான் கெஞ்சினேன், பழம் ஏத்தற வரைக்கும் தள்ளிப் போடுங்கன்னு. எனக்காகத்தான் அவர் கொஞ்சம் கொறைச்சுச் சொன்னார். என்ன தண்டனையோ எனக்குக் குடுங்க."

அண்ணன் "மாப்ள, சும்மா இரு" என்றார். அந்த இரைச்சலில் அது அவருக்கே கேட்டிருக்காது. நான் முன்னால் போய், இவன் தெரியாமல் பேசுகிறான் சார், அண்ணன் குறைக்கவே இல்லை, நான் கூடவே இருந்தேன் என்றேன். கூட்டிச் சொன்னபோதும் நீங்கள் கூடத்தானே இருந்தீர்கள் என்றார் இன்ஜினியர். 

இன்ஜினியர் அந்த இளைஞனை ரொம்பநேரம் பார்த்தார். அவன் சொல்வது பொய் என்று அவருக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். கழித்து எழுதியது அவர் கை. ஆனால் மேலே கேட்ட கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான பதில் அவருக்கு வேறெங்கே கிடைக்கும்? இரண்டு அடிக்கு விடை அவர் முன்னால் சேறும் சகதியுமாக வந்து நிற்கிறது. அண்ணன் குறைத்துச் சொன்னார் என்றாகிவிட்டால் இவர் கழித்தது வெளியே வராது. ஒரு வெள்ளைத்தாளை உருவி மேசைமேல் வைத்தார். இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பாவம் என்றுதான் அப்போதும் எனக்குத் தோன்றியது, அந்த நினைப்புக்கும் சேர்த்து எனக்கு ஆத்திரம் வருகிறது.

மச்சினன் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நின்றபடியே எழுதினான். அண்ணி "வேணாம்டா, எழுதாதடா" என்று எழுந்து வந்தார். நீ சும்மா இரு அக்கா, மாமாவுக்கு ஒன்றும் வராது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவன் பேனாவை நிறுத்தாமல் சொன்னான். காகிதத்தைப் பிடுங்கக் கை நீட்டிய அண்ணனை இன்ஜினியர் தடுக்கவில்லை. அண்ணன்தான் பாதியில் கையை இழுத்துக்கொண்டார். பிடுங்கிவிட்டு எதைச் சொல்வது? உண்மையைச் சொன்னேன் என்றா?

ஜீப் போனது. வெயில் இன்னும் இருந்தது. மச்சினன் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றான். அழுது வீங்கின முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு தெளிச்சி. வெள்ளாமை போனவன் மாதிரி இல்லை, எதையோ காப்பாற்றிவிட்டவன் மாதிரி இருந்தான்.

"விடுங்க மாமா, பழம் போனா அடுத்த வருஷம் போட்டுக்கலாம். எனக்காக ஒரு பொய் சொன்னீங்க பாருங்க, அத நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

அண்ணன் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். பிறகு மணி ஆறாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, அளவு பார்க்கப் படியிறங்கிப் போனார்.